விடியற்காலை மோட்டார் ஏன் அடம்பிடிக்கிறது?

மாணவர்களே, நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஓசை பழக்கமானது. காலை ஐந்தரை மணி. இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருக்கும். லயத்து வீட்டின் ஓரத்தில் யாரோ கப்சாய் மோட்டாரை உதைத்துக்கொண்டிருப்பார். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. எஞ்சின் ஒரு முறை இருமும், பிறகு அமைதியாகிவிடும். அதற்குப் பிறகு நடப்பதும் உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அண்ணன் வருவார். "பிளக்கை மாத்து" என்பார் ஒருவர். "கார்புரேட்டரைக் கழற்று" என்பார் இன்னொருவர். கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து சரிவில் தள்ளிவிடுவார்கள். வண்டி கிளம்பிவிடும். எதனால் கிளம்பவில்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதைதான்.

இதில் என்ன பெரிய நட்டம் என்று நினைக்காதீர்கள். பால்மரம் வெட்டுகிறவருக்கு விடியற்காலை ஒவ்வொரு நிமிடமும் காசு. இரவில் மரம் வேரால் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இலைகளின் வழியே நீராவிப்போக்கு மிகக் குறைவு. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் ஏறி, விடியலுக்கு முன் பத்து வளிமண்டல அழுத்தத்தை ஒட்டி நிற்கும். அந்த நேரத்தில் கத்தி பட்டால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், குழாயின் அழுத்தம் இறங்கும், மங்கில் விழும் பாலும் குறையும். எட்டு மணிக்கு நிரைக்குப் போய்ச் சேருகிறவர் அதே மரத்தில் அதே கத்தியால் வெட்டினாலும் அதே பால் கிடைக்காது. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன என்றாலும், ஜெம்போல், கோலா பிலா பக்கங்களில் இன்றும் விடியலில் மரம் வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிப் பேருந்தைப் பிடிக்க உங்களைச் சாலை வரை கொண்டுபோய் விடுவதும் அதே மோட்டார்தான்.

ஆகவே இந்த வாரம் ஒரு கப்சாயை ஆய்வுக்கூடமாக எடுத்துக்கொள்வோம். ஓட்டுவதற்கு அல்ல, உரிமம் எடுக்கவே 16 வயது ஆக வேண்டும். கவனித்துக் காரணம் கண்டுபிடிப்பதற்கு.

பெட்ரோல் எஞ்சின் ஓட என்னென்ன வேண்டும்? சரியான அளவில் கலந்த பெட்ரோல் ஆவியும் காற்றும் வேண்டும். அந்தக் கலவையை இறுக்கி அழுத்த வேண்டும். அழுத்திய நேரத்தில் வலுவான ஒரு மின்பொறி விழ வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் எந்த எஞ்சினும் கிளம்பியே தீரும். கிளம்பவில்லை என்றால் மூன்றில் ஒன்று இல்லை என்றுதான் பொருள். பத்து உதை உதைப்பதைவிட, எது இல்லை என்று கேட்பது நல்லது.

முதலில் குளிர். நம் ஊரில் என்ன குளிர் என்று சிரிக்கலாம். சிரம்பானில் விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 22, 23 டிகிரி செல்சியஸ்தான். கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி பதிவான 7.8 டிகிரிதான் நம் நாட்டின் குளிர்ந்த பதிவு என்று சொல்லப்படுவது. ஆனால் எஞ்சின் எதை "குளிர்" என்று உணர்கிறது என்பது வேறு கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் சிலிண்டர் தலை நூறு டிகிரியைத் தாண்டிய சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டுக்கு ஏற்பத்தான் கார்புரேட்டர் அளவிடப்பட்டிருக்கிறது. 22 டிகிரி நமக்கு இதம். எஞ்சினுக்கு அது கடுங்குளிர்.

காரணம் பெட்ரோலிலேயே இருக்கிறது. பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் மிக இலேசானவை சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும். கனமானவை 200 டிகிரி வரை கேட்கும். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரியாது. அதன் ஆவிதான் எரியும். அதுவும் காற்றில் ஆவியின் கன அளவு ஏறக்குறைய 1.4 விழுக்காட்டிலிருந்து 7.6 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் தீ பரவும். குறைந்தாலும் எரியாது, கூடினாலும் எரியாது.

ஒரு கணக்குப் போடுங்கள். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று தேவை. சூடான எஞ்சினில் கார்புரேட்டர் இந்த விகிதத்தை ஒட்டிக் கலந்து கொடுக்கிறது. பெட்ரோல் கிட்டத்தட்ட முழுதும் ஆவியாகிவிடுகிறது. இப்போது எஞ்சின் குளிர்ந்திருக்கிறது. அதே 1 கிராம் பெட்ரோலில் பாதி மட்டும் ஆவியாகி, மீதிப் பாதி துளிகளாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று அதே 14.7 கிராம். அரை கிராம் ஆவிக்கு 14.7 கிராம் காற்று என்றால் விகிதம் என்ன? 29.4-க்கு 1. இந்தக் கலவையில் பொறி விழுந்தாலும் தீ பரவாது. தொட்டி நிறையப் பெட்ரோல் இருக்கிறது, எஞ்சினோ பட்டினி கிடக்கிறது.

சோக் எதற்கு என்பது இங்கே விளங்கும். அதை இழுத்தால் காற்று வரும் வழி குறுகுகிறது. கார்புரேட்டர் கழுத்தில் அழுத்தம் மேலும் இறங்குகிறது. அதனால் கூடுதல் பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. 2 கிராம் வந்து அதில் பாதி ஆவியானால் 1 கிராம் ஆவி கிடைத்துவிடும் அல்லவா? காற்றும் குறைந்திருப்பதால் கலவை இன்னும் செறிவாகும். பாதி என்பது கணக்குக்காக நான் எடுத்த எண். உண்மையில் அது வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். புதிய எஃப்.ஐ. வகை மோட்டார்களில் சோக் பிடி இருக்காது. எஞ்சினின் வெப்பநிலையை ஓர் உணரி அளந்து சொல்ல, கணினி தானே கூடுதலாகத் தெளிக்கிறது. அறிவியல் ஒன்றுதான், வேலை செய்யும் கை மட்டும் வேறு.

எஞ்சின் சூடான பிறகும் சோக்கைத் தள்ளாமல் விட்டால் கலவை செறிந்துபோகும். கரும்புகை வரும், பிளக்கில் கரி படியும். மறுநாள் கிளம்பாமல் போவதற்கு முந்திய நாளே விதை போட்டாகிவிட்டது.

அடுத்தது எஞ்சின் எண்ணெய். புட்டியில் 20டபிள்யூ-40 என்பதுபோல எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டபிள்யூ என்பது 'விண்டர்', அதாவது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. குளிர்நிலையில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை முதல் எண் காட்டுகிறது. சூட்டில் அதன் பாகுத்தன்மையை இரண்டாவது எண் காட்டுகிறது. இந்த வகை எண்ணெய் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏழெட்டு மடங்கு கெட்டியாக இருக்கும். 22 டிகிரியில் இன்னும் கெட்டி. தேனைச் சுடுநீரில் வைத்து எடுத்துப் பாருங்கள், புரியும். கெட்டி எண்ணெயில் பிஸ்டன் மெதுவாக நகரும். மெதுவாக நகர்ந்தால் கார்புரேட்டரில் உறிஞ்சல் குறையும், பெட்ரோலும் நுண்துளிகளாகச் சிதறாது. ஒரு தொல்லை இன்னொன்றை வளர்க்கிறது.

ஆனால் என் கருத்தைக் கேட்டால், நம் தோட்டங்களில் குளிர் பாதிக் குற்றவாளிதான். மீதிப் பாதி ஈரம்.

பிளக்குக்குப் போகும் கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் ஓடுகிறது. மின்னோட்டம் எளிதான வழியையே தேடும். மழைநீர் தூய்மையாக இருந்தால் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் பிளக் மூடியின் மேல் படிந்திருக்கும் செம்மண் தூசியும் உப்பும் அதில் கரைந்தால் அந்த ஈரப்படலம் கடத்தியாகிவிடும். பிளக்கின் இடைவெளியைத் தாண்ட வேண்டிய மின்சாரம் மூடியின் வெளிப்புறமாகவே எஞ்சின் உலோகத்துக்கு இறங்கிவிடுகிறது. கம்பியின் உறை வெடித்திருந்தாலும் இதே கதி. பழைய மெக்கானிக்குகள் இதற்கு ஓர் எளிய சோதனை வைத்திருப்பார்கள். இருட்டில் வண்டியை உதைக்கச் சொல்லிவிட்டு, கம்பியை மட்டும் உற்றுப் பார்ப்பார்கள். நீல நிறக் கீற்று கம்பியின் மேல் ஊர்ந்தால் விடை கிடைத்துவிட்டது. விடியலுக்கு முந்திய இருட்டு இதற்கு மிகப் பொருத்தமான ஆய்வுக்கூடம்! பார்ப்பதோடு சரி, தொட வேண்டாம்.

ஈரம் தொட்டிக்குள்ளும் போகும். பெட்ரோல் பாதி இருந்தால் மீதி இடத்தில் காற்று இருக்கிறது. இரவில் தொட்டி குளிரும்போது அந்தக் காற்றில் உள்ள நீராவி உட்சுவரில் நீர்த்துளியாக மாறுகிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மழைநீரும் நேராக இறங்கும். பெட்ரோலின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.75 கிராம், நீருக்கு 1 கிராம். ஆகவே நீர் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. காலையில் முதலில் உறிஞ்சப்படுவது எது என்று நான் சொல்லத் தேவையில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகாணியைத் தளர்த்தி, வெளிவருவதைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஐந்து நிமிடம் வைத்தால் அடியில் முத்துபோல் நீர் திரண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

இனி நோய் கண்டறிதலுக்கு வருவோம். தொடக்கப்பள்ளி அறிவியலிலேயே தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தீர்களே, அவை தேர்வுத்தாளோடு முடிந்துபோகவில்லை. பிளக்கை மாற்றி, சோக்கை இழுத்து, கம்பியைத் துடைத்து, வண்டியையும் சாய்த்த பிறகு எஞ்சின் கிளம்பினால் எது காரணம்? சொல்ல முடியாது. நான்கு மாறிகளை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், உதையுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும். ஆனால் அடுத்த மழைக்கு ஐந்தே நொடியில் விடை தெரிந்திருக்கும்.

காசில்லாத சோதனைகள்தான் முதலில். தொட்டியைத் திறந்து பாருங்கள். பெட்ரோலே இல்லாமல் வியர்க்க வியர்க்க உதைத்தவர்கள் உண்டு. குழாயின் திறப்பு சரியான பக்கம் இருக்கிறதா, சாவி திரும்பியிருக்கிறதா, கியர் நடுநிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இவை வேடிக்கையாகத் தோன்றலாம். எளிதானதை முதலில் நீக்குவதுதான் முறை.

பிறகு உதைபிடியைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் எதிர்ப்பு இருக்க வேண்டும். அது சிலிண்டரில் கலவை அழுத்தப்படுவதன் அடையாளம். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் வால்வோ பிஸ்டன் வளையமோ காற்றைக் கசியவிடுகிறது. அது பட்டறை வேலை, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எதிர்ப்பு இருந்தால் அடுத்து பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இதைப் பெரியவர் ஒருவர் செய்யட்டும், நீங்கள் கூட இருந்து பாருங்கள். பல உதைக்குப் பிறகும் பிளக்கின் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை: குழாய் அடைப்பு, காலியான கிண்ணம், சோக் வேலை செய்யாமை. முனை ஈரமாக இருந்து பெட்ரோல் வாடை அடித்தால் உணவு வந்திருக்கிறது, தீ மூட்டத்தான் ஆள் இல்லை: பொறி பலவீனம், அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து மூழ்கிவிட்டது. ஈரம்தான், ஆனால் பெட்ரோல் வாடை இல்லை என்றால்? நீர். கரி படிந்து மெத்தென்று இருந்தால் பல நாளாகக் கலவை செறிவாகவே ஓடுகிறது. ஒரு சின்னப் பிளக் இத்தனை சேதி சொல்கிறது. இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பொறியைச் சோதிக்க, கழற்றிய பிளக்கை அதன் மூடியிலேயே செருகி, உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்து, இன்னொருவர் உதைக்க வேண்டும். வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. பிளக் இருந்த துளைக்கு அருகில் பொறி விழக் கூடாது. அங்கிருந்து பெட்ரோல் ஆவி சீறி வரும். சிந்திய பெட்ரோலை முதலில் துடைத்துக் காயவிட வேண்டும். நீல நிறத்தில் "டிக்" என்று பொறி விழுந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிதாக, விட்டு விட்டு விழுந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. வெளியில் பொறி நன்றாக விழுந்தாலும் சிலிண்டருக்குள் விழும் என்று உறுதி சொல்ல முடியாது. உள்ளே அழுத்தம் அதிகம். அதே இடைவெளியில் மூலக்கூறுகள் நெருக்கமாக இருக்கின்றன. எலெக்ட்ரான்கள் அவற்றினூடே பாய்ந்து செல்லக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. ஆகவே வெளியில் பொறி இல்லை என்றால் குற்றம் உறுதி. வெளியில் பொறி இருந்தால் குற்றமின்மை உறுதியாகாது. பிளக் தேயத் தேய இடைவெளி கூடுவதும் இதே தொல்லையைத் தரும். சிறிய கப்சாய்கள் பலவற்றில் அந்த இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்தான்.

மூழ்கிய எஞ்சினுக்கு மருந்து எளிது. சோக்கைத் தள்ளிவிட்டு, முறுக்கியை முழுதும் திறந்து சில முறை உதைத்தால் காற்று நிறைய உள்ளே போய் கூடுதல் பெட்ரோலை வெளியேற்றும். பலர் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள்: கிளம்பவில்லையே என்று மேலும் சோக்கை இழுப்பார்கள்.

பொத்தான் அழுத்திக் கிளப்புகிற வண்டியில் "டக்" என்ற ஓசை மட்டும் வந்து விளக்கும் மங்கினால் மின்கலத்தைச் சந்தேகியுங்கள். முழுதாக மின்னேறிய 12 வோல்ட் ஈய-அமில மின்கலம் ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். குளிரில் மின்கலத்தின் வேதிவினை மெதுவாகும் என்று பாடத்தில் வரும், அது உண்மைதான். ஆனால் நம் நாட்டில் மின்கலத்தின் ஆயுளைக் குறைப்பது பெரும்பாலும் வெப்பம்தான். பகலில் வெயிலில் நலிந்தது விடியலில் கையை விரிக்கிறது.

புல்வெட்டும் மெஷினுக்கும் இதே முறைதான். அது இரண்டு வீச்சு எஞ்சின், பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்திருக்கும். 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மில்லிலிட்டர், 50-க்கு 1 என்றால் 20. கையளவாக ஊற்றிக் கலந்தால் பிளக் கரியால் அடைபடும். வியப்பான சேதி ஒன்று: கனடாவில் பனியில் ஓடும் ஸ்னோமொபில் வண்டிகள் பலவற்றின் எஞ்சினும் இதற்கு நெருங்கிய உறவுதான். கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959-இல் 'ஸ்கி-டூ'வை விற்பனைக்குக் கொண்டுவந்தார்; அதற்குப் பின் வந்த ஸ்னோமொபில்களில் பல இரண்டு வீச்சு எஞ்சின்கள். பலவற்றைக் கயிறு இழுத்துத்தான் கிளப்புவார்கள். அங்கே குளிர் உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கும். பெட்ரோல் ஆவியாகவே தயங்கும் என்பதால் குளிர்கால பெட்ரோலில் பியூட்டேன் போன்ற இலேசான பொருளைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அங்கும் ஒருவர் பிளக்கைக் கழற்றி, காய்ந்திருக்கிறதா நனைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மழை பெய்கிறது என்று மோட்டாரை வீட்டுக்குள் அல்லது அடைத்த கொட்டகைக்குள் வைத்துச் சூடேற்றாதீர்கள். சோக் போட்டு ஓடும் எஞ்சினில் பெட்ரோல் முழுமையாக எரியாது; கார்பன் மோனாக்சைடு அதிகம் வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைகிறது. பக்கத்து அறையில் தூங்கும் தம்பி தங்கைக்குத் தலைவலியாகத் தொடங்கி, விழிக்க முடியாமலே போகலாம். நனைந்தாலும் பரவாயில்லை, வண்டி வெளியில் நிற்கட்டும்.

இப்போது உங்கள் முறை. ஒரே லயத்தில் இரண்டு மோட்டார்கள் இருக்கின்றன. முதல் மோட்டார் மழை பெய்த மறுநாள் காலை மட்டும் கிளம்புவதில்லை. வறண்ட நாளில் எவ்வளவு குளிர்ந்த விடியலானாலும் இரண்டாவது உதையில் கிளம்பும். கிளம்பாத நாளில் பிளக் நனைந்து, பெட்ரோல் வாடை அடிக்கிறது. இரண்டாவது மோட்டாருக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான். ஆனால் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தால் மட்டும் அடம்பிடிக்கும், பிளக் காய்ந்திருக்கும், பதினைந்து இருபது உதைக்குப் பிறகு கிளம்பி, அன்று முழுக்கத் தொல்லை தராது. ஒவ்வொன்றுக்கும் உங்கள் கருதுகோள் என்ன? அதைச் சோதிக்க எந்த ஒரு மாறியை மட்டும் மாற்றுவீர்கள், எவற்றை மாறாமல் வைப்பீர்கள்? தாளில் எழுதி, வீட்டில் மோட்டார் வைத்திருப்பவரிடம் காட்டி அவர் சொல்வதையும் கேளுங்கள்.